பன்னிரண்டு பேருக்கும் 0.4

பாடாங் செராயில், செம்பனை லாரிகள்
தோட்டத்துக்குத் திரும்பும் முனையில்,
டயர்க்கடை மாடியில் வயரிங் பயிற்சி மையம்.
வருடத்துக்கு இருமுறை
கோப்பு புரட்ட வருகிறவள் நான்.
மதிப்பிட்டவரை மதிப்பிடுவது உத்தியோகம்.
யாருக்கும் பிடிக்காது. மைலோ மட்டும்
சூடாகக் கொடுப்பார்கள்.

பன்னிரண்டில் மூன்று பார்த்தால் போதும் என்பது விதி.
சர்வேஸ்: எர்த் கம்பித் தொடர்ச்சி, 0.4 ஓம்.
ஹேமாஷினி: 0.4.
ஹஃபிசுதீன்: 0.4.
விதியை மூடிவிட்டு
மிச்சம் ஒன்பதையும் இழுத்தேன்.

ஒருவன் திருகு முனை தேயத் தேய இறுக்குவான்,
ஒருத்தி பயந்து அரைச்சுற்றில் விடுவாள்.
பன்னிரண்டு பலகை, பன்னிரண்டு கை.
கம்பி எல்லோரிடமும்
ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறது.

மீட்டரைக் கேட்டேன்.
பின்மூடியைத் திறந்தால்
பேட்டரியில் உப்புப் பூத்துக் கிடந்தது.
அளவு சரிபார்த்த ஒட்டுத்தாளில்
போன வருடத்துக்கு முந்தின வருடம்.

மதிப்பீட்டாளர் குணாளன்
கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்தை
வெகு அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.
"அன்னிக்குப் பேய் மழைங்க.
ஆறு மணி கூலிம் பஸ்ஸ விட்டா
பிள்ளைங்க எப்படிப் போவும்?
எல்லாம் நல்லா செய்யிற பிள்ளைங்கதான்."

நல்லா செய்கிற பிள்ளைகள்தான்.
ஆபத்து நுழைகிற வாசலே அதுதான்.
தெரியாதவனுக்குச் சரி போட
எவருக்கும் கை கூசும்.
தெரிந்தவனுக்கோ பேனா
தானாகச் சாய்ந்துகொள்கிறது,
செய்யாததையும் செய்ததாக.

இடர் படிவத்தில் ஒரு கேள்வி: பாதிப்பு யாருக்கு?
மையம். சான்றிதழ். பயிற்சியாளர்.
ஒன்றில் குறியிட வேண்டும்.
ஆறு மாதம் கழித்து லூனாஸ் பக்கம் ஒரு தாமானில்
ஈரக் கையோடு துணி மெஷினைத் தொடப்போகிறவருக்குக்
கட்டம் இல்லை.

போன பேட்ச்சின் கோப்புகளைக் கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாமோ என்னவோ.
மூன்று கோப்புகள், மூன்று 0.4,
மூன்றின் கீழும் பச்சை மையில்
சரிபார்த்ததாக ஒரு கையெழுத்து.
கடைசி எழுத்தின் வாலை அப்படி இழுப்பது
இந்த ஊரில் நான் ஒருத்திதான்.
குணாளன் அதையும் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

எதிர்க்கடையில் பேட்டரி வாங்கி வந்தேன்.
மீட்டர் இரவல், கூலிமிலிருந்து, மோட்டாரில் வந்தது.
இருக்கிறவர்களைக் கூப்பிடச் சொன்னேன்.
ஹேமாஷினி கையுறை கம்பெனி இரவு ஷிப்ட் முடிந்து
அப்படியே வந்திருந்தாள்,
விரலிடுக்கில் இன்னும் மாவு.
"மறுபடியுமா?" என்றாள். பிறகு செய்தாள். 0.3.
சர்வேசுக்கு 0.5.
ஹஃபிசுதீனுக்கு 2.7.

அவன் என்னைப் பார்க்கவில்லை, குணாளனைப் பார்க்கவில்லை.
மூடியைக் கழற்றி
ஒவ்வொரு திருகாகத் தொட்டுக்கொண்டு போனான்.
மூன்றாவது பிளக் பாயின்ட்டில் நின்றான்.
முக்கால் சுற்று.
மறுபடி மீட்டர். 0.4.
"சாமா ஜுகா, சிக்கு," என்று சிரித்தான்.
அதேதானே, டீச்சர்.

அதே எண்தான், தம்பி.
அதைப் படிவத்தில் எப்படி எழுதுவதென்று
எனக்குத் தெரியவில்லை.
'மறு மதிப்பீடு' என்று எழுதினேன்.
'இடர்: உயர்வு' என்று எழுதினேன்.
'காரணம்' என்ற இடத்தில்
குணாளன் பெயரை எழுதி,
காற்புள்ளி வைத்து,
என் பெயரையும் எழுதினேன்.

சாயங்காலம் காரில் உட்கார்ந்து
போன பேட்ச் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டேன்.
மில் புகை ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.
முதல் எண் பாவனையில் இல்லை.
இரண்டாவது எடுக்கவில்லை.
மூன்றாவதில் ஓர் இளைஞன் குரல்,
பின்னால் எங்கோ டிரில் இரைச்சல்:

"யாருங்க? சத்தமா பேசுங்க.
ஏணிமேல நிக்கிறேன்."